அச்சுத் தொழிலாளர் பெஞ்சமின் பிராங்க்ளின்

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்வு தேடிச் செல்வோர்க்கு ஒரு குறை உண்டு. பெரியப்பாவின் பெயரைச் சொன்னவுடன் திறக்கும் கதவு அங்கே இராது. இன்னார் பேரன், இன்னார் மருமகன் என்பதெல்லாம் புகைவண்டி நிலையத்தோடு நின்றுவிடும். கையிலுள்ள தொழிலும் நடந்துகொள்ளும் முறையுமே அங்கு நமக்குச் சிபாரிசுக் கடிதங்கள். இக்காலனியில் வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாளில் இவ்வாறு வந்து இறங்கியவையே.

அப்படி 17 வயதில் துணையின்றி ஓர் அயலூரில் வந்து இறங்கி, பிற்காலத்தில் அவ்வூருக்கே பெருமை தேடித் தந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்புகின்றோம். அவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடியும் மின்னலும் மின்சாரமே என்று காட்டிய அறிஞர் என்று நம் பிள்ளைகள் அவரைப் பாடப் புத்தகத்தில் அறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளை நிறுவிய பெரியோருள் ஒருவர் என்று சரித்திரம் படித்தோர் அறிவர். இவ்விரு பெருமைகளும் வருமுன், வெறுங்கையராய் இருந்த காலத்தில், அவர் தம்மைத் தாமே எவ்வாறு உருவாக்கிக் கொண்டார் என்பதே நாம் இங்குச் சொல்லப் புகுவது.

இளமைக் கல்வி

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். அமெரிக்கா அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்தது. தந்தை ஜோசையா, விலங்குக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். அவருக்குப் பிறந்த மக்கள் 17 பேர், அவர்களுள் பிராங்க்ளின் 15-ஆம் குழந்தை, ஆண்மக்களில் கடைசி. இத்தனை பேருக்கு உணவளிக்க வேண்டிய தந்தையால் அவரை இரண்டாண்டுகளுக்கு மேல் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை. பத்தாம் வயதில் அவர் தந்தையின் தொழிற்சாலையில் திரி நறுக்கவும் வார்ப்பில் கொழுப்பு ஊற்றவும் அமர்ந்தார்.

அவ்வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கடலோடியாகப் போய்விடுவாரோ என்று தந்தை அஞ்சினார். ஆனால் அவர் மகனை அடித்துப் பணிய வைக்கவில்லை. தச்சர், கொத்தர், கடைசல்காரர், கன்னார் ஆகியோர் வேலை செய்யும் இடங்களுக்கு அவரை அழைத்துச் சென்று காட்டி, மனம் எதில் நாடுகின்றது என்று பார்த்தார். முடிவில் மகனுக்குப் புத்தகங்களில் இருந்த பற்றைக் கண்டு, அச்சுக்கூடம் வைத்திருந்த மூத்த மகன் ஜேம்ஸிடம் தொழில் பழக விட்டார். 12 வயதில் எழுதிய ஒப்பந்தம். 21 வயது வரை தமையனுக்குக் கட்டுப்பட வேண்டும்.

பள்ளி முடிந்த இடத்தில்தான் பிராங்க்ளினுடைய கல்வி தொடங்கிற்று எனலாம். அவருக்குப் பொருளும் இல்லை, நேரமும் இல்லை. இரண்டையும் அவர் தம் சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். 16 வயதளவில் ஒரு நூலைப் படித்துப் புலால் உண்பதை நிறுத்தினார். தம் உணவுக்குத் தமையன் பிறரிடம் செலுத்தும் தொகையில் பாதியைத் தம்மிடமே கொடுத்துவிடுமாறு கேட்டு, அதிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். மற்றவர்கள் உணவுக்கு வெளியே சென்ற நேரத்தில் அவர் அச்சுக்கூடத்திலேயே இருந்து, ஒரு ரொட்டித் துண்டும் ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சையும் தண்ணீருமாக உண்டு முடித்துப் படித்தார். இந்தச் சைவ விரதம் பின்னர் நிலைக்கவில்லை, படிப்பு நிலைத்தது. பள்ளியில் இருமுறை தேறத் தவறிய கணக்குப் பாடத்தையும் அந்நாட்களில் புத்தகத்தின் துணைகொண்டு தாமே முழுவதும் கற்றார்.

எழுதப் பழகிய முறையோ இன்றைய மாணவர்க்கும் பயன்படத் தக்கது. ஸ்பெக்டேட்டர் என்னும் ஆங்கில இதழின் தொகுதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதிலுள்ள ஒரு கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சில சொற்களில் குறித்துக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல், அக்குறிப்புகளைக் கொண்டு தம் சொற்களிலேயே கட்டுரையை எழுதுவார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுத் தம் குறைகளைத் திருத்துவார். சொற்செல்வம் போதாது என்று தோன்றியபோது கட்டுரையைச் செய்யுளாக்கி, சில காலம் சென்றபின் மீண்டும் உரைநடையாக்கினார். சில வேளை குறிப்புகளையே கலைத்துப் போட்டு, வாரங்கள் கழித்து அவற்றை முறைப்பட அடுக்கிப் பார்த்தார். கருத்துகளை வரிசைப்படுத்தும் வழி இதனால் கைவந்தது. ஆசிரியர் இல்லாதவர் மூலநூலையே ஆசிரியராக்கிக் கொண்ட விதம் இது.

அயலூரில் அடிவைத்தல்

தமையனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. ஜேம்ஸ் கை நீட்டுபவர். தம்பியும் வாய்த்துடுக்கு உள்ளவர்தாம். 1723-ஆம் ஆண்டில் பிராங்க்ளின் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, சில புத்தகங்களை விற்றுக் கப்பல் செலவுக்குப் பணம் தேடி, ஒருவரிடமும் சொல்லாமல் பாஸ்டனை விட்டார். நியூயார்க்கில் வேலை கிடைக்கவில்லை. பிலடெல்பியாவில் கிடைக்கலாம் என்று கேள்விப்பட்டு, படகிலும் கால்நடையாக 50 மைல்களும் கடந்து, அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றின் காலையில் அந்நகரில் வந்து இறங்கினார்.

கையிலிருந்தது ஒரு டச்சு டாலரும் சில செப்புக் காசுகளுமே. உடுப்பு அழுக்கேறியிருந்தது, சட்டைப் பைகளில் மாற்றுத் துணிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ரொட்டிக் கடையில் மூன்று பென்னி கொடுத்தார். அவ்வூர் விலைவாசி தெரியாமையால், எதிர்பாராத வண்ணம் மூன்று பெரிய ரொட்டிகள் கிடைத்தன. இரண்டைக் கக்கங்களில் இடுக்கிக்கொண்டு மூன்றாவதைத் தின்றவண்ணம் தெருவழியே நடந்தார். ஒரு வீட்டு வாயிலில் நின்ற பெண் இக்கோலத்தைக் கண்டு நகைத்துக்கொண்டாள். டெபோரா ரீட் என்னும் அப்பெண்ணே ஏழாண்டுகளுக்குப் பின் அவருக்கு மனைவியானாள். எஞ்சிய இரண்டு ரொட்டிகளையும் படகில் தம்முடன் வந்த ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்துவிட்டு, நன்றாக உடுத்த மக்கள் கூட்டத்தைத் தொடர்ந்து குவேக்கர்களின் தொழுகைக் கூடத்தில் நுழைந்து, அங்கேயே அயர்ந்து உறங்கிப் போனார்.

நகரத்தில் அச்சு வேலை கிடைத்தது. பெரிய மனிதர் ஒருவரின் தயவும் கிடைத்தது, அதுவே துன்பமாயிற்று. மாகாண ஆளுநர் கீத் என்பவர், சொந்த அச்சுக்கூடம் வைத்துத் தருவதாகவும், சாமான்கள் வாங்கக் கடன் கடிதங்கள் தருவதாகவும் கூறி அவரை லண்டனுக்கு அனுப்பினார். 1724-ஆம் ஆண்டு இறுதியில் லண்டனில் இறங்கிய பின்னர்தான், ஒரு கடிதமும் எழுதப்படவே இல்லை என்பது தெரிந்தது. 18 வயது இளைஞர், கடலுக்கு அப்பால், கையில் பணமில்லை. ஆனால் தொழில் இருந்தது. அவர் லண்டன் அச்சுக்கூடங்களில் சேர்ந்து உழைத்தார். எழுத்துக் கோத்து முடுக்கிய கனத்த பாரங்களை மற்றவர்கள் இரு கைகளாலும் ஒன்றொன்றாகத் தூக்கிச் செல்ல, பீர் அருந்தாமல் தண்ணீரே பருகிய இவர் கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு படியேறினார் என்பர். பெரியோரின் வாக்குறுதி வரலாம், வராமல் போகலாம். கற்ற தொழில் எந்தத் துறைமுகத்திலும் நம்முடனேயே இறங்கும் என்னும் பாடத்தை அவர் லண்டனில் கற்றார். 1726-இல் பிலடெல்பியா திரும்பும் கப்பற் பயணத்தில், இனித் தாம் வாழவேண்டிய முறை குறித்து ஒரு திட்டம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20.

உழைப்பும் நற்பெயரும்

1728-இல் மெரிடித் என்னும் நண்பருடன் கூட்டாகச் சொந்த அச்சுக்கூடம் தொடங்கினார். முதலில் பெற்ற பெரிய வேலை, குவேக்கர்களின் வரலாற்று நூலில் 40 தாள்கள். நாளுக்கு ஒரு தாள் கோத்து முடிப்பது என்று உறுதி செய்துகொண்டார். ஒரு நாள் இரவு, வேலை முடிந்ததென்று எண்ணிய நேரத்தில், கோத்து வைத்த பாரம் ஒன்று உடைந்து இரண்டு பக்கத்து எழுத்துகளும் குவியலாயின. அவ்வளவையும் பிரித்துப் போட்டு, மீண்டும் கோத்து முடித்த பின்னரே அவர் படுக்கைக்குச் சென்றார். நள்ளிரவிலும் அணையாத அந்த விளக்கை அக்கம்பக்கத்தார் கண்டனர். வணிகர் கூடும் இடத்தில் அது பேச்சாயிற்று. நம்பிக்கையும் கடனும் அதன்பின் தேடிவந்தன.

அவர் உழைப்பாளியாய் இருந்ததோடு, உழைப்பாளி என்று ஊரார் அறியும்படியும் நடந்துகொண்டார். வாங்கிய காகிதத்தைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே தள்ளிச் சென்றார். இது வெறும் விளம்பரம் அன்றோ என்று கேட்கலாம். வண்டியில் காகிதம் இல்லாமல் தள்ளியிருந்தால் அது விளம்பரம். செய்யும் வேலைக்கு நாணாமல், அதை ஒளிக்காமல் செய்தது நேர்மையே ஆகும்.

தன் கணக்கு

அவர் வரலாற்றில் மிகவும் பேசப்படுவது அந்தச் சிறு குறிப்பேடு. நற்குணங்களை எல்லாம் ஒருங்கே பெறுவது என்று துணிந்து, பிராங்க்ளின் அவற்றைப் பட்டியலிட்டார்: மித உணவு, மித பேச்சு, ஒழுங்கு, மன உறுதி, சிக்கனம், உழைப்பு, வஞ்சமின்மை, நீதி, நடுநிலை, தூய்மை, அமைதி, கற்பொழுக்கம் எனப் பன்னிரண்டு. நண்பராகிய குவேக்கர் ஒருவர், தாங்கள் செருக்குடையவர் என்று ஊரில் கருதுகின்றார்கள் என்று சான்றுகளோடு எடுத்துக் காட்டவே, பணிவு என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். குறை கூறியவரைப் பகைக்காமல் குறையைப் பட்டியலில் சேர்த்தது அவர் சிறப்பு.

ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையால் கோடிட்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு கட்டங்களும், குணங்களுக்குப் பதின்மூன்று வரிகளும் அமைத்தார். எந்தக் குணத்தில் அன்று தவறினாரோ அதன் நேரே ஒரு கரும்புள்ளி வைப்பார். எல்லாவற்றையும் ஒரே வேளையில் திருத்த முயலாமல், வாரத்துக்கு ஒரு குணமாகக் கருத்தூன்றினார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. காலை ஐந்து மணிக்கு எழுந்து, இன்று என்ன நன்மை செய்வது என்று எண்ணுவார். இரவில், என்ன செய்து முடித்தோம் என்று ஆராய்வார். மளிகைக் கணக்கும் பால் கணக்கும் நாம் எழுதுகின்றோம். அவர் தம்மையே கணக்கெழுதினார்.

இதில் அவர் முழு வெற்றி பெற்றாரா? இல்லை. புள்ளிகள் குறைந்தன, மறையவில்லை. குறிப்பாக ஒழுங்கு, அதாவது பொருள்களை அதனதன் இடத்தில் வைத்தலும் நேரத்தை வகுத்தலும், முதுமை வரை அவருக்குக் கைவரவில்லை. இதற்கு அவர் ஒரு கதை சொல்லுவார். ஒருவன் தன் கோடரி முழுவதும் பளபளக்க வேண்டும் என்றான். கொல்லன், நீ சாணைச் சக்கரத்தைச் சுற்றினால் தீட்டித் தருகிறேன் என்றான். சுற்றிச் சுற்றிக் கை சலித்தவன், புள்ளி புள்ளியாக இருக்கும் கோடரியே தனக்குப் பிடிக்கும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனானாம். பிராங்க்ளின் தம்மை அந்த மனிதனோடு ஒப்பிட்டுச் சிரித்துக்கொண்டார். ஆயினும் முயலாமல் இருந்திருந்தால் அடைந்திராத நன்மையை முயற்சியால் அடைந்தார் என்பதை அவர் மறக்கவில்லை.

பன்னிருவர் கூடிய சங்கம்

இதுவரை கூறியன தனி ஒருவர் முயற்சி. இவ்வளவோடு நின்றிருந்தால் பிராங்க்ளின் செல்வமுள்ள ஓர் அச்சுக்கூடக்காரராக வாழ்ந்து மறைந்திருப்பார். அவரை உயர்த்தியது இன்னொன்று. நம் சங்கத்தின் ஆண்டு மலரில் அதையே சிறப்பாகச் சொல்ல வேண்டும்.

1727-இல் அவர் தம்மைப் போன்ற இளைஞர்களைச் சேர்த்து ஒரு சிறு சங்கம் அமைத்தார். ஜண்ட்டோ என்பது அதன் பெயர். உறுப்பினர் பன்னிருவர் என்று அளவு செய்துகொண்டனர். பத்திரம் நகலெடுப்பவர், கண்ணாடி பதிப்பவர், நிலம் அளப்பவர், செருப்புத் தைப்பவர், தச்சர், வணிகரிடம் கணக்கெழுதுபவர் ஆகியோரே அவர்கள், பிரபுக்கள் அல்லர். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் கூடினர். ஒவ்வொருவரும் முறைவைத்து ஒழுக்கம், அரசியல், இயற்கை அறிவு பற்றிய கேள்விகளைக் கொண்டுவந்து ஆராய்ந்தனர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாமே எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்க வேண்டும். நான் சொல்வதே முடிவு என்று அடித்துப் பேசுவோர்க்கும், பிறரை நேருக்கு நேர் மறுத்துரைப்போர்க்கும் சிறு அபராதம் உண்டு. இந்த ஒரு விதியை நம் சங்கங்கள் மேற்கொண்டால் ஆண்டிறுதியில் கட்டடமே கட்டிவிடலாம் என்று தோன்றுகின்றது.

இச்சங்கத்தின் பயன் விரைவில் தெரிந்தது. குவேக்கர் நூலின் 40 தாள்களைப் பிராங்க்ளினுக்கு வாங்கித் தந்தவர் ஜண்ட்டோ உறுப்பினரான பிரைண்ட்நால். பின்னர், மெரிடித்தின் தந்தை தருவதாகச் சொன்ன பணத்தில் பாதியே வர, கடன்காரர் வழக்குத் தொடுத்து அச்சுக்கூடமே ஏலம் போகும் நிலை வந்தபோது, கோல்மன், கிரேஸ் என்னும் இரு உறுப்பினர்கள் தனித்தனியே வந்து, கேளாமலே பணம் தர முன்வந்தனர். பிராங்க்ளினுடைய செல்வத்துக்கு அடிப்படை அந்தக் கடன்தான்.

சங்கம் ஊருக்கும் பயன்பட்டது. உறுப்பினர்கள் தத்தம் புத்தகங்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தனர். அது நெடுநாள் நடக்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஓர் எண்ணம் பிறந்தது. 1731-இல் 50 பேர், ஆளுக்கு 40 ஷில்லிங் நுழைவுக் கட்டணமும் ஆண்டுக்கு 10 ஷில்லிங் சந்தாவும் தந்து ஒரு நூல் நிலையம் தொடங்கினர். 1736-இல் தீயணைக்கும் தொண்டர் சங்கம், 1751-இல் மருத்துவமனை, அவ்வாண்டே திறந்த கல்விக்கூடம் வளர்ந்து பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமாயிற்று.

சந்தா திரட்டியபோது பிராங்க்ளின் ஓர் உண்மையைக் கண்டார். நல்ல காரியம் ஒன்றை என் திட்டம் என்று கொண்டுபோனால், கேட்பவர் காரியத்தைப் பாராமல் சொல்பவருக்கு வரப்போகும் பெருமையைப் பார்க்கின்றார். ஆகவே அவர் தம்மைப் பின்னுக்கு மறைத்து, நண்பர் சிலரின் திட்டம் இது என்றே எங்கும் கூறினார். பணம் சேர்ந்தது, காரியம் நடந்தது, பெருமையும் காலம் சென்றபின் தானே உரியவரைத் தேடி வந்தது.

உயர்வும் குறையும்

பிறகு வந்த உயர்வுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர் வெளியிட்ட செய்தித்தாளும், 1732 முதல் எழுதி விற்ற பஞ்சாங்கமும் பெரும் பொருள் ஈட்டின. 42 வயதில் தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். 1752-இல் பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தார். இடிதாங்கியை உலகுக்குத் தந்தார். தாம் அமைத்த கணப்பு அடுப்புக்குத் தனி உரிமை பெற வாய்ப்பு வந்தும், பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயன்பெறுவதுபோல் நம்முடையதும் பிறர்க்குப் பயன்படட்டும் என்று மறுத்துவிட்டார். 1776-இல் விடுதலை அறிக்கையிலும், 1778-இல் பிரான்சுடன் செய்த உடன்படிக்கையிலும், 1783-இல் இங்கிலாந்துடன் செய்த சமாதானத்திலும், 1787-இல் அரசியல் சட்டத்திலும் கையொப்பமிட்டார். இந்நான்கிலும் ஒப்பமிட்டவர் அவர் ஒருவரே.

ஆனால் பெரியோர் வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதுவது இளைஞர்க்குச் செய்யும் நன்மை ஆகாது. தம் வாழ்க்கைத் தவறுகளை அச்சுத் தொழிலாளரின் மொழியில் அச்சுப் பிழைகள் என்று பிராங்க்ளின் குறிப்பிட்டார். சில பிழைகளைத் திருத்தினார். தமையன் ஜேம்ஸுக்குச் செய்த தீங்குக்கு ஈடாக, அவர் மகனை வளர்த்துத் தொழிலில் நிலைநிறுத்தினார். சில பிழைகள் திருந்தவே இல்லை. 1764 முதல் அவர் லண்டனிலேயே தங்கிவிட, மனைவி டெபோரா அவரை மீண்டும் காணாமலே 1774-இல் இறந்தாள். மகன் வில்லியம் ஆங்கில அரசின் பக்கம் நின்றமையால், தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்த பிளவு கடைசிவரை ஆறவில்லை. நீதியைத் தம் குறிப்பேட்டில் எழுதியவரே வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. அந்தப் புள்ளியைக் காண அவருக்கு நெடுங்காலம் ஆயிற்று. முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்கொடுமையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு நாட்டின் சட்டமன்றத்துக்கு அனுப்பினார். இரு மாதங்களில், ஏப்ரல் 17-ஆம் நாள், 84-ஆம் வயதில் மறைந்தார். தன்னைத் திருத்திக்கொள்ளும் கணக்கு எந்த வயதிலும் மூடப்படுவதில்லை என்பதும், தொழிலில் வெல்பவர் வீட்டில் தோற்கக் கூடும் என்பதும் இங்கு நாம் கொள்ளவேண்டிய எச்சரிக்கைகள்.

திரும்பி வந்த கடன்

அவர் விட்டுச் சென்ற உயில் கவனிக்கத் தக்கது. அதில் தம்மை முதலில் அச்சுத் தொழிலாளர் என்று குறித்து, அதன் பின்னரே தூதர் முதலிய பதவிகளைச் சொல்லுகின்றார். பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலைக்கு ஆயிரம் பவுன் எழுதி வைத்தார். 25 வயதுக்கு உட்பட்டு, மணமாகி, முறையாகத் தொழில் பழகி முடித்த இளம் தொழிலாளர்க்கு அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து வட்டியில் கடன் தந்து, பத்தாண்டுகளில் தவணையாகத் திரும்பப் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. தாம் இளைஞராய் இருந்தபோது நண்பர் இருவர் தந்த கடனே தம்மை நிலைநிறுத்தியது என்பதையும் அங்கே நினைவு கூர்ந்தார். அவர் குறித்த இருநூறு ஆண்டுகள் 1990-ஆம் ஆண்டில் முடிந்தபோது, இரு நகரங்களின் நிதியும் சேர்ந்து அறுபது இலட்சம் டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது. கோல்மனும் கிரேஸும் ஒரு நாள் காட்டிய நட்பு இப்படித் திரும்பி வந்தது.

நம் இளைஞர் தேர்வுகளுக்குப் படிக்கின்றனர், நேர்முகங்களுக்குச் செல்கின்றனர், மேலும் மேலும் உயர விரும்புகின்றனர். அது முறையே. குறிப்பேட்டைக் கையில் எடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்வோம். அதனோடு, அந்தக் குறிப்பேட்டுக்குத் துணையாகப் பன்னிருவர் வேண்டும் என்பதையும் சொல்வோம். விழாவும் நாடகமும் விருந்தும் நம் சங்கத்துக்கு அழகு சேர்ப்பவை. அவற்றோடு, வாரத்தில் ஒரு மாலை பத்துப் பன்னிரண்டு இளைஞர் சங்க அறையில் கூடித் தாம் கற்றதைச் சொல்லி, எழுதியதைப் படித்து, ஒருவர்க்கொருவர் வழிகாட்டுவாராயின், ஊரிலிருந்து நேற்று வந்து இறங்கிய பிள்ளைக்கு இவ்வூர் அயலூராய் இராது. அதற்கு ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போதும். அவை நம்மிடம் உள்ளன.